கடலுக்கடியில் ஒரு கணக்கெடுப்பு

(மாதாந்திரப் பேச்சு வரிசையில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



சென்ற மாத நிகழ்ச்சி முடிந்த கையோடு ஒரு நேயர் நிலையத்துக்குத் தொலைபேசினார். இங்கே ஜெர்சி சிட்டியில், நியூவார்க் அவென்யூ பக்கம் குடியிருப்பவர். கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு மெக்ஸிகோவில் இருக்கும் கான்கூனுக்குப் போகிறாராம். அவரும் பதினாறு வயது மகளும் குளிர்காலம் முழுக்க நீச்சல் குளத்தில் ஸ்கூபா பயிற்சி எடுத்து, பென்சில்வேனியாப் பக்கம் ஒரு கல்குவாரிக் குட்டையில் தேர்வையும் முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டார்கள். கான்கூனில் ஒரு நிறுவனம், "கூடுதல் கட்டணம் கட்டுங்கள், உங்கள் கையாலேயே கடலடியில் பவளம் நடலாம், படமும் எடுத்துத் தருகிறோம்" என்கிறதாம். மகளுக்கு ஒரே ஆசை. "அண்ணா, நீங்க கணக்குப் பார்க்கிறவர். இந்தக் காசு உருப்படியாப் போய்ச் சேருமா, சொல்லுங்க" என்றார்.

ஒரு மாதம் அவகாசம் கேட்டேன். வருமான வரிப் படிவங்களுக்கு நடுவே கிடைத்த நேரத்தில் படித்ததை வைத்து இன்று பேசுகிறேன். நான் படித்தது பி.காம்.; கடலியல் அல்ல. ஆனால் படிக்கப் படிக்க, இது பாதிக்கு மேல் கணக்குப்பிள்ளை வேலைதான் என்று தெரிந்துகொண்டேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பவளம் என்றதும் நமக்கு நவரத்தின மோதிரமும் செவ்வாய் தோஷமும்தான் நினைவுக்கு வரும். அந்தச் சிவப்புப் பவளம் வேறு ஜாதி. நாம் இன்று பேசுவது வெப்பக் கடல்களின் ஆழம் குறைந்த பகுதிகளில் பாறைத் திட்டுகளாக வளர்வது. அது கல்லும் இல்லை, செடியும் இல்லை, பிராணி. பாலிப் என்கிற மிகச் சிறிய உயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழ்ந்து, தங்களுக்கு அடியில் சுண்ணாம்பைச் சுரந்து கட்டிய வீடு அது. அந்தப் பாலிப்பின் உடம்புக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. பாசி வெயிலில் சமைத்துப் போடுகிறது; பவளம் அதற்கு இடம் கொடுக்கிறது. நிறமும் பெரும்பாலும் அந்தப் பாசியுடையதுதான். வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சில வாரங்கள் கடல் சுட்டால் போதும், இந்தக் குடித்தனம் முறிந்துவிடும். பாசி வெளியேறும், பவளம் வெளுத்துப்போகும். வெளுத்த பவளம் செத்த பவளம் அல்ல, இதை மனதில் வையுங்கள். சீக்கிரம் தண்ணீர் குளிர்ந்தால் பிழைத்துக்கொள்ளும். குளிராவிட்டால் பட்டினி கிடந்து சாகும்; மேலே வேறு பாசி மூடிக்கொள்ளும்.

இந்த வெளுப்பு உலக அளவில் நான்காவது தடவையாக நடக்கிறது என்று அமெரிக்கப் பெருங்கடல், வளிமண்டல நிர்வாகம் அறிவித்தது 2024 ஏப்ரல் 15 அன்று. என் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தத் தேதி மறக்காது, வரி கட்டக் கடைசி நாள். 2023 தொடக்கத்திலிருந்து 2025 மார்ச் வரையிலான கணக்குப்படி, உலகப் பவளத்திட்டுகளின் பரப்பில் சுமார் 84 சதவீதம் வெளுக்கும் அளவுக்குச் சூட்டைச் சந்தித்துவிட்டது.

இனி நம் ஊருக்கு வருவோம். ஸ்கூபா என்பது 1943-ல் பிரான்ஸில் கூஸ்தோவும் காக்னனும் மூச்சுக்கருவியைச் செய்த பிறகு வந்தது. முக்குளிப்பு நமக்கு அதற்கெல்லாம் வெகு முந்தியது. கொற்கை முத்துக்குப் பேர்போன காலத்திலிருந்தே தூத்துக்குடிக் கரையில் மூச்சடக்கிக் குளித்தவர்கள் இருந்தார்கள். காலில் கல் கட்டி இறங்குவார்கள். மேலே தோணியில் கயிறு பிடிப்பவர் மச்சானாகத்தான் இருப்பார் என்று சொல்வது வழக்கம். தங்கை தாலிக்கு அவன் பொறுப்பில்லையா! கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. சங்கு குளிப்பு இன்றும் இருக்கிறது. அந்த ஆட்கள் கடலடித் திட்டைப் 'பார்' என்பார்கள். எந்தப் பாரில் என்ன கிடக்கும் என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 1986-ல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். மொத்தம் 560 சதுர கிலோமீட்டர். அறிவிப்பு வந்ததே தவிர, பவளத்தை வெட்டியெடுப்பது நிற்கவில்லை. கடப்பாரையால் பெயர்த்துத் தோணியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். சுண்ணாம்புக் காளவாய்க்குப் போகும், கட்டடத்துக்குப் போகும், சாலைக்குப் போகும். வெட்டியவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. மீன் கிடைக்காத நாளில் அடுப்பெரிய அதுதான் வழி என்று இருந்தவர்கள். 2001-ல் பவளங்களை வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அதாவது, சட்டத்தின் கண்ணில் புலியும் பவளமும் ஒன்று. பிறகு 2004 டிசம்பரில் சுனாமி வந்தது. தீவும் பாரும் குறுக்கே கிடந்ததால்தான் நம் கரை தப்பியது என்ற எண்ணம் மீனவர் மத்தியில் வலுவாக ஏற்பட்டது. 2005-க்குப் பிறகு கல்லெடுப்பு நின்றது. சட்டம் நான்கு வருஷத்தில் செய்யாததை ஒரு காலைப்பொழுது செய்தது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் என்று ஒன்று உண்டு. 1998-ல் தொடங்கியது, இயக்குநர் முனைவர் ஜே.கே. பேட்டர்சன் எட்வர்ட். இவர்கள் 2003 முதல் 2005 வரை ஸ்கூபா கட்டிக்கொண்டு எல்லாத் தீவுகளையும் சுற்றிக் கடலடியில் கணக்கெடுத்தார்கள். முறை ரொம்ப எளிது. 20 மீட்டர் அளவுநாடாவைத் தரையோடு தரையாக விரிக்க வேண்டும். நாடாவுக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எழுத வேண்டும். உயிருள்ள பவளம் இத்தனை சென்டிமீட்டர், செத்தது இத்தனை, மணல் இத்தனை, பாசி இத்தனை. தண்ணீருக்கடியில் பென்சிலால் எழுத பிளாஸ்டிக் பலகை இருக்கிறது. ஒரு நாடா முடிந்ததும் அடுத்த நாடா. புகைப்படத்துக்கு ஏற்ற வேலை இல்லை. சரக்கறையில் இருப்புக் கணக்கு எடுப்பது மாதிரி சலிப்பான வேலை.

அதில் தெரிந்தது என்ன? மொத்தம் சுமார் 110 சதுர கிலோமீட்டர் பவளத்திட்டில் 32 சதுர கிலோமீட்டர் ஏற்கெனவே பாழ். மீதியில், உயிருள்ள பவளம் மூடியிருந்த பரப்பு 2005-ல் 37 சதவீதம். அவர்கள் அதோடு விடவில்லை. வருஷா வருஷம் அதே இடங்களுக்குத் திரும்பப் போனார்கள். 2009-ல் பார்த்தால் 43 சதவீதம்! கல்லெடுப்பு நின்று நாலே வருஷத்தில் பாரின் பெரும்பகுதி தானாகவே தழைத்திருக்கிறது. அடுத்த வருஷம், 2010-ல், கடல் சூடாகி வெளுப்பு வந்தது, 33-க்கு இறங்கியது. மறுபடி மெல்ல ஏறி 39-ஐத் தொட்டது. 2016-ல் இன்னொரு வெளுப்பு. 23 சதவீதம்.

இந்த ஐந்து எண்களை வரிசையாகப் போட்டுப் பாருங்கள். 37, 43, 33, 39, 23. இதைவிடத் தெளிவான வரவுசெலவுக் கணக்கை நான் பார்த்ததில்லை. கை வைக்காமல் விட்டால் பார் தானே ஏறும் என்று முதல் இரண்டு எண்கள் சொல்கின்றன. சூடு வந்தால் சேர்த்ததெல்லாம் ஒரே கோடையில் போகும் என்று மற்றவை சொல்கின்றன. ஒரே ஒரு தடவை கணக்கெடுத்துவிட்டு வந்திருந்தால் இந்த இரண்டில் ஒன்றுகூடத் தெரிந்திருக்காது. தண்ணீருக்கடியில் நடப்பதைக் கரையில் இருந்து யாரும் பார்க்க முடியாது என்பதால், இறங்கத் தெரிந்தவர்தான் சாட்சி. ஒரு முக்குளிப்பவர் பவளத்துக்குச் செய்யக்கூடிய பெரிய உபகாரம், போன இடத்துக்கே திரும்பப் போய் எண்ணிவிட்டு வருவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நடவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அதே தூத்துக்குடிக்காரர்கள் 2002 முதல் நட்டும் வருகிறார்கள். ஆரோக்கியமான பவளத்திலிருந்து சிறு துண்டுகளை எடுத்து, சிமெண்ட் பலகையில் கட்டி, கடலடியில் சட்டங்கள்மேல் அடுக்குகிறார்கள். கிளை கிளையாக வளரும் இனம் வருஷத்துக்குப் பல சென்டிமீட்டர் ஏறும். உருண்டையாக வளரும் இனமோ வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான். நட்டவர் பேரன்தான் பார்க்க வேண்டும்.

வெறும் நடவு போதாத இடங்களும் உண்டு. வான் தீவு 1969-ல் சுமார் 20 ஹெக்டேர். 2015 வாக்கில் 2 ஹெக்டேர்கூட இல்லை. சுற்றியிருந்த பாரை வெட்டியதும் அலை நேராக வந்து தீவைத் தின்றது. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் ஏற்கெனவே முழுகிவிட்டன. வானையாவது காப்பாற்றலாம் என்று தமிழக அரசு, சென்னை ஐ.ஐ.டி. உதவியோடு, ஓட்டை ஓட்டையான பெரிய கான்கிரீட் கட்டமைப்புகளைச் செய்து, தீவுக்கு முன்னால் கடலில் ஆயிரக்கணக்கில் இறக்கியது. அலையின் வேகம் அதில் மோதிக் குறையும், ஓட்டைகளில் மீன் அடையும், மிதந்து வரும் பவளக் குஞ்சுகள் தாமாக ஒட்டிக்கொள்ளும். தீவு கரைவது தணிந்து மணல் சேரத் தொடங்கியது. இதே முறையைக் கரியாச்சல்லித் தீவுக்கும் செய்யப்போவதாக 2025-ல் அறிவித்தார்கள். அதுவும் 1969-ல் 20 ஹெக்டேர் இருந்து 3 சொச்சத்துக்கு வந்துவிட்ட தீவு.

இன்னொரு சங்கதி சொல்ல வேண்டும். பிலிப்பைன்ஸிலிருந்து வந்த கப்பாஃபைகஸ் என்ற கடற்பாசியை மண்டபம் பக்கம் வளர்க்கிறார்கள். ஐஸ்கிரீமிலிருந்து பற்பசை வரை சேர்க்கும் ஒரு பொருள் அதிலிருந்து கிடைக்கிறது. மீனவப் பெண்கள் பலருக்கு அதில் வருமானம். 2008-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அந்தப் பாசி குருசடைத் தீவில் உயிருள்ள பவளங்கள்மேல் படர்ந்து கிடப்பதைப் பதிவு செய்தார்கள். வெயில் படாமல் கீழே உள்ள பவளம் செத்துப்போகும். பிறகு ஆட்களை இறக்கிக் கையால் பிடுங்க வேண்டியதாயிற்று. வயலில் களை எடுப்பது மாதிரிதான், ஆனால் ஒரு துண்டு மிஞ்சினால் மறுபடி முளைக்கும். அதனால் திரும்பத் திரும்பப் போக வேண்டும். ஒரு நாள் துப்புரவு முகாம் நடத்திப் பதாகையோடு நின்றால் ஆகிற காரியம் இல்லை. பாசி வளர்ப்பவர் பிழைப்பா, பாரா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. எனக்கும் அதில் ஒரு பக்கம் சாய மனசு வரவில்லை.

அறுந்த வலை எடுப்பதும் இப்படித்தான். நைலான் வலை பவளத்தில் சிக்கி, அலைக்கு அலை அறுத்துக்கொண்டே இருக்கும். பார்த்தவுடன் இழுக்கத்தான் கை பரபரக்கும். இழுத்தால் வலையோடு பவளமும் உடைந்து வரும். கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டித்தான் எடுக்க வேண்டும். வலையைத் தன்மேல் வளர்த்து மூடிக்கொண்ட பவளம் என்றால் அந்த இடத்தை அப்படியே விட்டுவிட வேண்டும்.

ஊருக்கு விடுமுறையில் போகிறவர்கள் கவனிக்க: தேசியப் பூங்காவுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நாம் இறங்க முடியாது. அங்கே வேலை செய்பவர்கள் பயிற்சி பெற்ற ஆய்வாளர்களும் உள்ளூர் ஆட்களும். அதுவே சரி என்பேன்.

இங்கே நம் வீட்டு வாசலிலும் ஒரு கதை இருக்கிறது. நியூயார்க் சுரங்க ரயிலில் 'ரெட்பேர்ட்' என்று சிவப்பு வண்டிகள் ஓடினவே, இங்கே பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். அவற்றை ஓய்வு கொடுத்து, 2001 முதல் 2003 வரை கிழக்குக் கரையோர மாநிலங்களின் கடலில் செயற்கைத் திட்டாகப் போட்டார்கள். நியூ ஜெர்சிக்கும் பங்கு வந்தது. அந்தக் கனத்த எஃகு நன்றாகவே தாங்கியது. அதைப் பார்த்து 2008-ல் அட்லாண்டிக் சிட்டிக்கு எதிரே புது ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வண்டிகளை இறக்கினார்கள். சில மாதம் கழித்துத் திரும்பப் போய்ப் பார்த்தால் பெரும்பாலானவை அப்பளமாக நொறுங்கிக் கிடந்தன! அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். போட்டதோடு விட்டிருந்தால் இன்னும் பல வண்டிகளைக் கொண்டுபோய்க் கொட்டியிருப்பார்கள். (நம் குளிர்ந்த நியூ ஜெர்சிக் கடலிலும் ஒரு பவளம் உண்டு தெரியுமா? வடக்கு நட்சத்திரப் பவளம் என்று பெயர். பாசி இருந்தாலும் வாழும், இல்லாவிட்டாலும் வாழும். அந்த ரகசியத்தைத் தெரிந்துகொள்ள விஞ்ஞானிகள் அதை ஆராய்கிறார்கள்.)

நடவை உலகத்திலேயே பெரிய அளவில் செய்து பார்த்த இடங்களில் ஒன்று ஃபுளோரிடா. நூவார்க்கிலிருந்து மூன்று மணி நேர விமானம். அங்கே கீ லார்கோவில் உள்ள பவள மறுசீரமைப்பு அறக்கட்டளை 2007-ல் தொடங்கியது. பி.வி.சி. குழாயால் மரம் மாதிரி செய்து கடலுக்குள் மிதக்க விட்டு, கிளைகளில் மீன்பிடி நரம்பால் பவளத் துண்டுகளைத் தொங்கவிடுகிறார்கள். சுற்றிலும் தண்ணீர் ஓடுவதால் அங்கே சீக்கிரம் வளரும். பிறகு எடுத்துப் பாறையில் ஒட்டுகிறார்கள். ஆயிரக்கணக்கான தன்னார்வ முக்குளிப்போர் இதில் கை கொடுத்திருக்கிறார்கள். மரத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்தார்கள், துண்டு கட்டினார்கள், ஒட்டினார்கள்.

2023 ஜூலையில் அங்கே கடல் கொதித்தது. ஆழமில்லாத மனாட்டீ விரிகுடாவில் ஒரு கருவி 101 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது. நமக்குக் காய்ச்சல் என்றால் அந்த அளவு. சோம்ப்ரெரோ பாறையில் போய்ப் பார்த்த அறக்கட்டளையினர், நட்ட பவளம் அத்தனையும் செத்துவிட்டதாக அறிவித்தார்கள். நூற்றுக்கு நூறு. நாற்றங்காலில் மிச்சம் இருந்ததை அள்ளிக்கொண்டு கரையில் தொட்டிகளுக்கு ஓடினார்கள். மான்கொம்பு மாதிரியும் கடமான் கொம்பு மாதிரியும் கிளைக்கிற இரண்டு இனங்கள் ஃபுளோரிடாத் திட்டில் செயலளவில் அற்றுப்போய்விட்டன என்று 2025-ல் 'சயின்ஸ்' இதழில் ஆய்வு வந்தது. அங்கொன்றும் இங்கொன்றும் இருந்தாலும், பாறை கட்டும் வேலையை இனி அவற்றால் செய்ய முடியாது என்று அர்த்தம்.

அப்படியானால் அந்தத் தன்னார்வலர்கள் உழைப்பு வீணா? நான் அப்படிப் பார்க்கவில்லை. தொட்டிக்குக் கொண்டுபோக நாற்று இருந்ததே அவர்களால்தான். ஆனால் "ஒரு பவளம் நட்டேன், கடலுக்கு என் கடன் தீர்ந்தது" என்று விமானம் ஏறுகிறவருக்கு இந்தக் கதையை யாராவது சொல்ல வேண்டும்.

செலவையும் பார்ப்போம், கேட்டது கணக்குப்பிள்ளையை அல்லவா? பவளத்திட்டு மறுசீரமைப்புக்கான செலவுகளைத் திரட்டி 2019-ல் வந்த ஓர் ஆய்வு, ஹெக்டேருக்கு நடுமதிப்பாக 4 லட்சம் டாலர் என்று சொல்கிறது. ஒரு ஹெக்டேர் என்பது இரண்டரை ஏக்கருக்குக் கொஞ்சம் கீழே. 2020-ல் வந்த இன்னொரு தொகுப்பு, நட்டவற்றில் சராசரியாக மூன்றில் இரண்டு பங்கு பிழைத்ததாகச் சொல்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. அடுத்த வரிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அந்தத் திட்டங்களில் 60 சதவீதம் ஒன்றரை வருஷத்துக்குக் குறைவாகத்தான் கண்காணிக்கப்பட்டிருக்கின்றன. வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் வளரும் பிராணிக்கு ஒன்றரை வருஷக் கணக்கு! எந்தத் தணிக்கையாளரும் இப்படி ஓர் இருப்புநிலைக் குறிப்பில் கையெழுத்துப் போடமாட்டார்.

நம் நேயர் போகிற கான்கூன் கரையிலேயே எனக்குப் பிடித்த ஒரு வேலை நடந்திருக்கிறது. அந்த மாநிலத்தின் பெயர் கிந்தானா ரோ. அங்கே 2019-ல் பவளப்பாறைக்குக் காப்பீடு எடுத்தார்கள். வீட்டுக்கு, காருக்கு எடுப்பது போலவேதான். 100 நாட் வேகத்துக்கு மேல் புயல் அடித்தால் சேதத்தை அளந்துகொண்டிருக்காமல் பணம் வந்துவிடும். 2020 அக்டோபரில் டெல்டா புயல் அடித்தது. 8 லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. அந்தப் பணத்தில், போர்ட்டோ மொரேலோஸ் பக்கம் முன்கூட்டியே பயிற்சி கொடுத்து வைத்திருந்த உள்ளூர்ப் படை கடலில் இறங்கியது. மீனவர்களும் ஸ்கூபா வழிகாட்டிகளும் பூங்கா ஊழியர்களும் சேர்ந்த படை. கவிழ்ந்து கிடந்த பவளங்களை நிமிர்த்தினார்கள், உடைந்த துண்டுகளைப் பொறுக்கிச் சிமெண்ட் வைத்து ஒட்டினார்கள். பல்லாயிரம் துண்டுகள். உடைந்த துண்டு மணலில் உருண்டுகொண்டே இருந்தால் தேய்ந்து சாகும் என்பதால், இது புயல் ஓய்ந்த உடனே செய்ய வேண்டிய வேலை. நியூ ஜெர்சியிலிருந்து டிக்கெட் எடுத்துப் போய்ச் செய்ய முடியாது. அங்கேயே இருக்கிறவர், கடலைத் தெரிந்தவர், பயிற்சி எடுத்து வைத்திருப்பவர், கூலி ஒழுங்காகக் கிடைப்பவர், இவர்களால்தான் முடியும்.

சரி, வருஷத்துக்கு ஒரு தடவை போகும் நம்மால் என்ன ஆகும்? முதல் காரியம், தொடாமல் இருப்பது. சிரிக்காதீர்கள். கரீபியனில் செயின்ட் லூசியா தீவில் முக்குளிப்பவர்களைப் பின்தொடர்ந்து கவனித்து 2004-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது பாறையைத் தொட்டார்கள், உதைத்தார்கள். பெரும்பாலும் காலில் மாட்டிய துடுப்பு பட்டுத்தான். படகில் "தொடாதீர்கள்" என்று ஒரு வரி சொல்லி அனுப்பியதால் எந்த வித்தியாசமும் இல்லை. தண்ணீருக்கடியில் வழிகாட்டி உடனே சைகை காட்டித் திருத்தியபோதுதான் குறைந்தது. ஆகவே பவளத்தின் பக்கம் போகுமுன், மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் ஒரே மட்டத்தில் நிற்கப் பழகுங்கள். நீச்சல் குளத்தில் பத்து நிமிஷம் அப்படி அசையாமல் நிற்க முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் கேமராவை அறையில் வைத்துவிட்டுப் போங்கள். கான்கூனில் 2010-ல் திறந்த கடலடி அருங்காட்சியகம் ஒன்று உண்டு, ஐந்நூறு சிலைகளுக்கு மேல். கூட்டத்தை இயற்கைத் திட்டிலிருந்து அங்கே திருப்புவதும் அதன் நோக்கம். புதிதாகக் கற்றவர்கள் முதல் நாள் அங்கே போய்க் கை கால் பழகிக்கொள்ளலாம்.

அடுத்தது எண்ணுவது. ரீஃப் செக் என்ற அமைப்பு 1997 முதல் தன்னார்வலர்களுக்குக் கணக்கெடுக்கக் கற்றுக்கொடுக்கிறது. நாடா விரித்து, அரை மீட்டருக்கு ஒரு புள்ளி என்று 160 புள்ளிகளில் கீழே என்ன இருக்கிறது என்று எழுத வேண்டும். அதற்குச் சில நாள் பயிற்சி தேவை. அவ்வளவு நேரம் இல்லை என்றால், ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் கோரல்வாட்ச் ஒரு வண்ண அட்டை தருகிறது. நான்கு நிறம், ஒவ்வொன்றிலும் வெளிர் தொடங்கி அடர்த்தி வரை ஆறு படி. பவளத்தின் பக்கத்தில் பிடித்து எந்தப் படிக்குப் பொருந்துகிறது என்று எழுதிவந்து பதிவு செய்ய வேண்டும். பெயிண்ட் கடையில் சுவருக்கு நிறம் பார்ப்பது போலத்தான். முகமூடி போட்டு மேலே மிதந்தபடியே பார்க்கிறவர்களும் செய்யலாம், ஸ்கூபா தெரிய வேண்டியதில்லை. மீன்களில் ஆர்வம் உள்ளவர்களுக்கு, கீ லார்கோவில் இருக்கும் ரீஃப் என்ற அமைப்பு 1993 முதல் தன்னார்வலர்கள் பார்த்த மீன்களின் பட்டியலைச் சேர்த்து வருகிறது. பதினாறு வயதுப் பெண்ணுக்கு இது பவளம் நடுவதைவிடச் சுவாரசியமாக இருக்கும் என்பது என் ஊகம். படம் பிடிக்க ஒன்றும் இல்லையே என்று அவள் முகம் சுளித்தால் நான் பொறுப்பில்லை!

இனி அந்த நேயருக்கு. அந்த நிறுவனத்திடம் சில கேள்விகள் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். போன வருஷமும் அதற்கு முந்திய வருஷமும் நட்டதில் எத்தனை உயிரோடு இருக்கிறது, அதை எண்ணியது யார், அந்தக் கணக்கைப் பார்க்கலாமா? 2023, 2024 சூட்டில் என்ன ஆயிற்று? நாற்று எங்கிருந்து வருகிறது, பூங்கா நிர்வாகத்தின் அனுமதி இருக்கிறதா? நாங்கள் போன பிறகு அந்த இடத்தைப் பராமரிக்கும் உள்ளூர் ஆட்களுக்கு எங்கள் கட்டணத்தில் எவ்வளவு போகிறது? இதற்கெல்லாம் எண்ணோடு பதில் வந்தால் தாராளமாகப் பணம் கட்டுங்கள். படம் மட்டும் வந்தால், அதே தொகையை உள்ளூரில் கணக்கெடுப்பு நடத்தும் ஒரு குழுவுக்குக் கொடுத்துவிட்டு, மகளோடு ஒரு நாள் அவர்கள் நாடாவின் மறுமுனையைப் பிடியுங்கள்.

கேள்விகளை அவர் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார். பதில் வந்தால் அடுத்த மாதம் இதே நேரத்தில் வாசிக்கிறேன்.